ஹிப்பலோஸ் என்ற பெயரும் கச்சான் காற்றும்

இந்து சமுத்திரத்தில் ஆண்டுதோறும் தென்மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்றுக்குக் கிரேக்க மாலுமி ஒருவரின் பெயர் சூட்டப்பட்டிருந்ததாகக் கிபி முதல் நூற்றாண்டைச் சேர்ந்த நூலொன்று கூறுகிறது. அந்தப் பெயர் ஹிப்பலோஸ். பிலிப்பு, அந்திரேயா, ஸ்தேவான் முதலான கிரேக்கப் பெயர்கள் திருச்சபையின் வழியாகத் திருகோணமலைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வரை வந்து தமிழ்ப் பெயர்களாகவே ஆகிவிட்டன. ஹிப்பலோஸ் என்பதோ கிரேக்கர்களிடையேகூட மிக அரிதாக வழங்கிய ஆண்பெயர். ஆயினும் அப்பெயரால் குறிக்கப்பட்ட காற்று இன்றும் மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் வீசுகிறது. இலங்கையின் கிழக்குக் கரை மக்கள் அதைக் கச்சான் என்கிறார்கள். ஹிப்பலோஸ் உண்மையில் ஒரு மனிதரின் பெயர்தானா, அதன் பொருள் என்ன, காற்றைக் 'கண்டுபிடித்தவர்' என்ற பட்டம் அவருக்குப் பொருந்துமா என்ற மூன்று கேள்விகளும் கிரேக்க மொழியியலாளரின் மேசையில் பிறந்தவை என்றாலும், அவற்றுக்கான விடையில் இந்தக் கரைகளின் பங்கும் அடங்கியிருக்கிறது.

இப்பெயரைத் தாங்கி நிற்கும் முதன்மைச் சான்று, 'எரித்திரியக் கடலின் பெரிப்புளூஸ்' எனப்படும் சிறு நூலாகும். பெரிப்புளூஸ் என்றால் கரையை ஒட்டிச் சுற்றிவரும் கடற்பயணம். துறைமுகங்களையும் அங்குக் கிடைக்கும் சரக்குகளையும் வரிசையாகச் சொல்லும் வழிகாட்டி நூல்களுக்கு அது பொதுப்பெயராயிற்று. எரித்திரியக் கடல், அதாவது செங்கடல், என்று கிரேக்கர் சொன்னது இன்றைய செங்கடலோடு அரபிக்கடலையும் இந்து சமுத்திரத்தையும் சேர்த்தே. எகிப்தில் வாழ்ந்த, கிரேக்க மொழி பேசிய வணிகர் ஒருவர் தம் பெயரைக் குறிப்பிடாமல் எழுதிய அந்நூல் 66 பிரிவுகளைக் கொண்டது. அதன் 57ஆம் பிரிவில், முன்னாளில் அரேபியக் கரையிலிருந்து இந்தியாவுக்குச் சிறு கலங்களில் கரையோரமாகவே சென்றுவந்தார்கள் என்றும், ஹிப்பலோஸ் என்ற மாலுமியே துறைமுகங்களின் இருப்பையும் கடலின் அமைப்பையும் கணித்து நடுக்கடலைக் குறுக்காகக் கடக்கும் வழியை முதன்முதலாகக் கண்டார் என்றும், அக்காற்று அவரின் பெயராலேயே வழங்குகிறது என்றும் ஆசிரியர் எழுதுகிறார். மாலுமி என்பதற்கு அவர் ஆளும் சொல் 'கியுபெர்னேத்தேஸ்'. சுக்கான் பிடித்துக் கலத்தை நடத்துபவர் என்பது அதன் பொருள். ஹிப்பலோஸின் ஊர், தந்தை, வாழ்ந்த காலம் எதைப் பற்றியும் அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த ஒரே பத்தியின்மேல் கட்டப்பட்டிருக்கும் புகழின் அளவை நோக்கினால், அது நமக்கு வந்துசேர்ந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். பெரிப்புளூஸின் மூலப்படி இன்று இல்லை. பத்தாம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட தோல் ஏட்டுச் சுவடி ஒன்று ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இலண்டனில் உள்ள மற்றொரு சுவடி அதிலிருந்தே எடுக்கப்பட்ட படி. ஆக, நூல் எழுதப்பட்டதற்கும் நம் கையில் உள்ள மிகப் பழைய எழுத்துக்கும் இடையே ஏறத்தாழ 900 ஆண்டு இடைவெளி உண்டு. 1533இல் பாசல் நகரில் முதன்முதலாக அச்சேறிய இந்நூலின் சுவடியில் பல இடங்கள் சிதைந்தும் பிழைபட்டும் உள்ளன. ஏடு பெயர்த்து எழுதுவோர் கையில் பாடம் எவ்வளவு திரியும் என்பதைச் சங்க நூற் பதிப்பு வரலாற்றை அறிந்த தமிழ் வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

பெயரின் முதற்பகுதியில் ஐயம் எதுவும் இல்லை. 'ஹிப்போஸ்' என்றால் கிரேக்கத்தில் குதிரை. குதிரையை வளர்ப்பது பெருஞ்செலவு பிடித்த காரியம். குதிரை வைத்திருந்த குடும்பம் நிலமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். எனவே ஹிப்போஸ் சேர்ந்த பெயர்கள் உயர்குடிப் பிறப்பின் அடையாளமாகக் கருதப்பட்டன. மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹிப்பொக்கிரத்தேஸ், வானியலறிஞர் ஹிப்பார்க்கோஸ், குதிரையை நேசிப்பவர் என்று பொருள்படும் பிலிப்போஸ் ஆகியவை அந்த வரிசையில் வருபவை. கிமு 423இல் ஏதென்சில் அரங்கேறிய அரிஸ்தோபனேசின் 'மேகங்கள்' என்ற நாடகத்தில், பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் கணவன் மனைவிக்கிடையே எழும் பூசலே இந்த மனப்பான்மைக்குச் சான்று: உயர்குடியில் பிறந்த மனைவி குதிரை சேர்ந்த பெயர் வேண்டும் என்கிறாள், சிக்கனக்காரனான நாட்டுப்புறக் கணவன் தன் தகப்பனின் பெயரை வைக்க விரும்புகிறான், கடைசியில் இரண்டையும் ஒட்டி பெய்திப்பிதேஸ் என்ற பெயர் பிறக்கிறது. திருகோணமலையில் ஒரு பிள்ளைக்கு பிலிப்பு என்று ஞானஸ்நானப் பெயர் இடும்போது, அந்தப் பழைய குதிரை அறியாமலே அதற்குள் வந்து நிற்கிறது.

இரண்டாம் பகுதியான 'அலோஸ்' என்பதில்தான் வழி பிரிகிறது. கிரேக்கத்தில் இருசொல் சேர்ந்த நீண்ட பெயர்களைச் சுருக்கி, முதற்சொல்லோடு ஓர் ஒட்டைச் சேர்த்து, வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர் போல ஆக்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஹிப்பியாஸ், ஹிப்போன் என்பவை இப்படிப் பிறந்தவை. ஹிப்பலோசும் அதே வார்ப்பில் அமைந்த குறுக்கம் என்று கொள்வதே மொழியியல் நோக்கில் எளிய விளக்கம். அப்படியானால் அப்பெயரில் குதிரை மட்டுமே உண்டு, கடலுக்கு இடமில்லை. ஆனால் 'ஹல்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு உப்பு என்றும் கடல் என்றும் பொருள் உண்டு. அதிலிருந்து பிறந்த பெயரடைகள் 'அலோஸ்' என்று முடியும். ஏதென்சின் தலைவர் பெரிக்கிளேசின் மகன் ஒருவர் பாரலோஸ் என்ற பெயர் பெற்றிருந்தார். கடலோரத்தவர் என்பது அதன் பொருள், ஏதென்சின் அரசுக் கப்பல் ஒன்றுக்கும் அதே பெயர் வழங்கியது. இந்த வழியில் பிரித்தால் ஹிப்பலோஸ் என்பது கடலும் குதிரையும் கலந்த பெயராகிவிடும். நடுக்கடலைக் கடந்த மாலுமிக்கு அது கச்சிதமாகப் பொருந்துவதே அதன்மேல் எச்சரிக்கையை ஏற்படுத்துகிறது. பெயர் பிறக்கும்போதே இடப்படுகிறது, அவர் பிற்காலத்தில் செய்யப்போகும் செயலைப் பெற்றோர் அறிந்திருக்க முடியாது.

ஹிப்பலோஸ் என்ற பெயர் வேறு எங்கும் இல்லாத கற்பனைப் பெயர் என்றும் சொல்லிவிட இயலாது. கிமு இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எகிப்தைத் தாலமி மரபினர் ஆண்ட காலத்தில், நாட்டுப்புற மாவட்டங்களை மேற்பார்த்த 'எபிஸ்த்ராத்தேகோஸ்' என்ற உயர் அதிகாரி ஒருவர் இப்பெயர் தாங்கியிருந்தார். மேல் எகிப்தின் தோலமாயிஸ் நகரில் அரச வழிபாட்டுக்குரிய குருவாகவும் அவர் விளங்கினார். செங்கடல் வாணிகத்தின் தாயகமான எகிப்திலேயே இப்பெயர் உயிரோடிருந்தது என்பது, மாலுமி ஒருவர் அதைத் தாங்கியிருக்கலாம் என்பதற்கு ஓரளவு துணை செய்கிறது.

இதற்கு நேர் எதிரான கருத்து, உரோமானிய அறிஞர் பிளினியின் 'இயற்கை வரலாறு' என்ற இலத்தீன் நூலிலிருந்து புறப்படுகிறது. கிபி 79இல் வெசுவியஸ் எரிமலை வெடிப்பின்போது இறந்த பிளினி, அந்நூலின் ஆறாம் புத்தகத்தில் இந்தியப் பயணத்தை விவரிக்கும்போது, செங்கடலின் வாயிலில் உள்ள ஒக்கேலிசிலிருந்து அக்காற்றைப் பிடித்தால் 40 நாளில் முசிறியை அடையலாம் என்கிறார். மேற்குக் காற்றை 'அங்குள்ளோர்' இப்பெயரால் அழைக்கிறார்கள் என்று சொல்லும் அவர், மாலுமி ஒருவரைப் பற்றி எதுவும் குறிப்பிடவில்லை. மேலும் அச்சுப் பதிப்புகளில் 'ஹிப்பலுஸ்' என்று காணப்படும் சொல், பிளினியின் சுவடிகளில் 'ஹுபலுஸ்' என்ற வடிவில் இருப்பதை இத்தாலிய வரலாற்றாசிரியர் சாந்தோ மத்சரீனோ சுட்டிக்காட்டினார். பெரிப்புளூஸை மனத்தில் வைத்திருந்த பதிப்பாசிரியர்கள் சுவடிப் பாடத்தைத் திருத்திவிட்டார்கள் என்பது அவரது வாதம். 'ஹுஃபலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கடலுக்கு அடியில் உள்ளது என்று பொருள். இன்றைய கிரேக்க மொழியில் அது கடலடிப் பாறையையும் பவளப் பாறையையும் குறிக்கிறது. கடலிலிருந்து எழுந்து வருவதுபோலத் தோன்றும் காற்றுக்கு இட்ட அந்தப் பெயரைப் பிற்காலத்தார் ஓர் ஆளின் பெயராகப் பிழைபடக் கொண்டு, அவருக்கு ஒரு வரலாறும் கட்டினார்கள் என்று அவர் கருதினார். அவரைத் தொடர்ந்து பெதெரிக்கோ தெ ரொமானிஸ், அந்திரே செர்னியா ஆகியோரும் இக்கருத்தை எடுத்துப் பேசியுள்ளனர்.

மத்சரீனோவின் வாதம் கூர்மையானது. ஆனால் முழுவதும் ஏற்கத்தக்கதன்று. கிரேக்க 'ஃப' ஒலி இலத்தீனில் வெறும் 'ப' ஆக மாறியது ஏன் என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படுகிறது. பெரிப்புளூஸின் ஆசிரியர் தாமே அந்தக் கடலில் சென்றவர், தம் தொழிலைப் பற்றி எழுதியவர். மாலுமி என்று அவர் தெளிவாகச் சொல்லியிருப்பதை, ரோமில் இருந்துகொண்டு பிறர் நூல்களைத் தொகுத்த பிளினியின் மௌனத்தை வைத்து ஒதுக்கிவிடுவது நியாயமாகத் தோன்றவில்லை. ஹிப்பலோஸ் என்றொருவர் இருந்திருக்கலாம். கண்டுபிடித்தவர் என்ற பட்டம்தான் நிலைக்கவில்லை.

அதற்கான காரணம் கிரேக்கரின் நூலிலேயே இருக்கிறது. புவியியலாளர் ஸ்திராபோ, தமக்கு முற்பட்ட பொசெய்தோனியோசை மேற்கோள் காட்டி, கிசிக்கஸ் நகரத்து எயுதொக்சோஸ் என்பவரின் கதையைச் சொல்கிறார். கிமு 118 அளவில், எட்டாம் தாலமி எகிப்தை ஆண்ட காலத்தில், செங்கடலைக் காவல் செய்தோர் கரையொதுங்கிய கலமொன்றில் குற்றுயிராகக் கிடந்த மனிதர் ஒருவரைக் கண்டு அரண்மனைக்குக் கொண்டுவந்தனர். அவர் பேசியது எவருக்கும் புரியவில்லை. கிரேக்கம் கற்பிக்கப்பட்ட பின்னரே தாம் இந்தியர் என்றும், வழி தப்பித் தோழர்கள் அனைவரும் பசியால் இறந்துபோயினர் என்றும் கூறினார். அரசர் ஆட்களைத் தந்தால் இந்தியாவுக்கு வழிகாட்டுவதாகவும் ஒப்புக்கொண்டார். அவரது வழிகாட்டலில்தான் எயுதொக்சோஸ் இந்தியா சென்று வாசனைப் பொருட்களும் மணிகளும் ஏற்றித் திரும்பினார். எயுதொக்சோசின் பெயரும் ஊரும் பதிவாகியுள்ளன. வழிகாட்டிய இந்தியரின் பெயர் இல்லை. அவர் தமிழரா, குஜராத்தியரா என்பதற்கும் கதையில் இடமில்லை. ஆயினும் பருவமறிந்து நடுக்கடலைக் கடக்கும் அறிவு எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குச் சென்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

தமிழ்ப் பக்கத்திலும் இதற்கு இணையான ஒரு குறிப்பு உண்டு. வெண்ணிப் போரை ஒட்டிக் கரிகால் வளவனைப் பாடிய வெண்ணிக் குயத்தியாரின் செய்யுள், புறநானூற்றின் 66ஆம் பாட்டு. கடலில் நாவாய் செலுத்தி, காற்றின் இயக்கத்தையே தன் ஏவலுக்கு உட்படுத்திய ஒரு முன்னோனின் வழித்தோன்றல் என்று அது கரிகாலனைப் போற்றுகிறது. காற்றை ஆண்டவன் என்ற பெருமை சோழரிடையே குலப்புகழாகவே நினைவுகூரப்பட்டது என்பது இதனால் புலப்படுகிறது. ஆனால் அந்த முன்னோனுக்கும் பாட்டில் பெயர் இல்லை. பெயர் கிடைப்பது எளிய வணிகர்களுக்குத்தான்: எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன, பெரனிக்கே துறைமுகத்தில் கிடைத்த ஓட்டில் கொற்றபூமான் என்ற பெயர் வாசிக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் யாரும் காற்றைக் கண்டுபிடித்ததாக உரிமை கொண்டாடவில்லை; அதைப் பிடித்துப் போனார்கள், வந்தார்கள்.

இனி அக்காற்றையே அருகில் வைத்துப் பார்க்கலாம். கோடையில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிட மிகுதியாகச் சூடேறுவதால் அங்குக் காற்றழுத்தம் குறைகிறது; நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயிருந்து வரும் காற்று, பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. இதுவே இலங்கைப் பாடநூல்கள் தென்மேல் பருவப்பெயர்ச்சி என்று கூறும் காற்று. கேரளக் கரையிலும் கொழும்பிலும் கடலைக் கொந்தளிக்கச் செய்து மழையைக் கொட்டும் இந்தக் காற்று, இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஏறும்போதே தன் ஈரத்தைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அது வறண்டு, சூடேறி, திருகோணமலையில் புழுதி கிளப்பும் கச்சானாக வருகிறது. கிணற்று நீர் இறங்கும் காலம் அது; ஆனால் கரையை விட்டு வெளியே வீசும் காற்றாகையால் கிழக்குக் கடல் அப்போது அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் மேற்குக் கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் வள்ளம் வலைகளோடு கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். உரோமானிய வணிகருக்குப் பொன்னாகத் தெரிந்த அதே காற்று இங்கே மீனாகிறது.

திருகோணமலையின் வரலாற்றைத் தீர்மானித்ததோ அதற்கு எதிர்ப்புறக் காற்று. ஒக்டோபர் தொடங்கி வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றே இம்மாவட்டத்துக்குப் பெருமழையைத் தருகிறது. மேற்கு நோக்கித் திரும்பும் கலங்கள் அதே வடகீழ்ப் பருவத்தில்தான் இந்தியாவை விட்டுப் புறப்பட்டன. பிளினி டிசம்பரையே திரும்பும் மாதமாகக் குறிக்கிறார். ஆனால் அந்தக் காற்றுக்கு எந்த மாலுமியின் பெயரும் கிடைக்கவில்லை. உரோமர் தம் ஊரில் வழங்கிய வொல்த்தூர்னுஸ் என்ற சாதாரணக் காற்றுப்பெயராலேயே பிளினி அதைக் குறிப்பிடுகிறார். வங்காள விரிகுடாவில் அக்காலத்தில் எழும் புயல்களுக்குச் சென்னை, மசூலிப்பட்டினம் போன்ற திறந்த கரைகளில் கலங்கள் ஒதுங்க இடமில்லை. மலைகளால் சூழப்பட்ட திருகோணமலையின் உட்துறைமுகமும் கொட்டியாரக் குடாவுமே அடைக்கலம். 1659 நவம்பர் 19ஆம் திகதி மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், புதிய பாய்மரம் பொருத்துவதற்காகக் கொட்டியாருக்கு வந்தது. அதன் தலைவரும் அவரது மகன் றொபேட் நொக்சும் அங்கே கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டார்கள். ஏறத்தாழ 20 ஆண்டு கழித்துத் தப்பிய மகன் 1681இல் வெளியிட்ட நூலே கண்டி இராச்சியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த முதற்பெரும் விவரணம். 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் திருகோணமலையைக் கைப்பற்றியதும், வாடைக்காலத்தில் ஒதுங்க இடமிழந்த ஆங்கிலக் கப்பற்படை இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குச் செல்ல வேண்டியதாயிற்று.

கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலியைக் கிரேக்கரும் அறிந்திருந்தனர். கிபி இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற புவியியலாளர் தப்ரொபானே, அதாவது இலங்கை, பற்றித் தந்த விவரங்களில் கிழக்குக் கரையில் கடலைச் சேரும் கங்கை என்ற ஆறு குறிக்கப்படுகிறது. மகாவலி கங்கை என்று இன்றும் வழங்கும் ஆறே அது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. இந்த இடத்தில் ஒரு வேறுபாடு கவனத்துக்குரியது. ஆற்றின் பெயரைக் கிரேக்கர் உள்ளூரிலிருந்து கேட்டு அப்படியே எழுதிக்கொண்டனர். காற்றின் பெயரை மட்டும் தம்முள் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். ஆறு ஒரு நாட்டில் நிற்கிறது, அதைக் கேட்பதற்கு அங்கே ஆள் இருப்பார். காற்றோ துறையைவிட்டு வெளியே, எவரும் குடியிருக்காத நடுக்கடலில் சந்திக்கப்படுவது. அங்கே கலத்தில் உடனிருந்தவர் பெயரே நின்றிருக்க வேண்டும். பெரிப்புளூஸ் சோழமண்டலக் கரையில் கண்ட சங்காரா, கொலந்தியா என்ற உள்ளூர்க் கலங்களின் பெயர்களைக் காதில் விழுந்தபடி பதிவுசெய்திருப்பதும் இவ்விளக்கத்துக்கு வலுவூட்டுகிறது. அக்கலங்களைச் செலுத்தியோர் காற்றை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று அதன் ஆசிரியர் கேட்டு எழுதியிருந்தால், கச்சான், சோளகம், கொண்டல், வாடை என்ற நம் காற்றுப்பெயர்களின் பழைய வடிவம் ஏதேனும் கிரேக்க எழுத்தில் கிடைத்திருக்கக்கூடும்.

ஹிப்பலோசின் பெயர் இன்று நிலவிலும் இருக்கிறது. ஈரக்கடல் எனப்படும் சமவெளியின் ஓரத்தில் சுமார் 58 கிலோமீட்டர் விட்டமுள்ள குழி ஒன்றுக்கும், அதையொட்டி நீளும் பிளவுகளுக்கும் அப்பெயர் சூட்டப்பட்டுள்ளது. அந்தச் சிறப்பை அவரிடமிருந்து பறிக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. குதிரையின் பெயரைத் தாங்கிய மாலுமி ஒருவர், அரபிக் கடலைக் குறுக்காகக் கடக்கும் வழியைக் கிரேக்கர்களிடையே பரப்பினார் என்று கொள்வது சான்றுகளுக்குப் பொருத்தமானது. அதற்குமேல் சென்று, பருவக்காற்றை ஹிப்பலோஸ் கண்டுபிடித்தார் என்று பாடநூல்களிலும் போட்டிப் பரீட்சை வழிகாட்டிகளிலும் எழுதப்பட்டுவரும் வாக்கியம் தவறானது. கிரேக்க மாலுமிகளுக்கு அது ஹிப்பலோஸின் வழியாகத் தெரியவந்தது என்று அதைத் திருத்தி எழுதுவதோடு, எயுதொக்சோசுக்கு வழிகாட்டிய பெயரறியா இந்தியரையும் அதே பக்கத்தில் மாணவருக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.